ஐந்து நாள் உண்ணாவிரதமும் ரஹ்மத் அக்காவும்

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரஹ்மத் அக்காவைப் பற்றிக் குழுவின் செய்தி மடலுக்கு எழுதித் தரும்படி நூலகர் வசந்தா மேடம் கேட்டபோது, "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்றார். நல்லது நிறைய இருக்கிறது. அக்கா செய்த ஒரு தவறும், நான் செய்த இரண்டு தவறுகளும்கூட இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு எழுதினால் அக்காவை அறிந்த உங்களில் யாரும் நம்பமாட்டீர்கள்.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. பள்ளியிலிருந்து வந்து, காலுறையைக் கழற்றிக்கொண்டே அம்மாவின் போனைப் பார்த்தேன். 'ரஹ்மத் இன்று மதியம் ஆஸ்பத்திரியில் காலமானார். மாலை மஃரிபு தொழுகைக்குப் பிறகு அடக்கம்' என்று மேடம் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். அக்கா காய்ச்சலில் படுத்திருந்தது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகூட, 'இந்த வாரம் வரல. இட்லியைப் பார்த்தாலே குமட்டுது' என்று எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். நான் உடனே மேடத்தைக் கூப்பிட்டேன்.

"யாரு சொன்னாங்க மேடம்?"

"அவங்க அத்தாவே கூப்பிட்டுச் சொன்னாரும்மா" என்றார் மேடம். அக்கா தன் அப்பாவை அத்தா என்றுதான் அழைப்பார். "சரிங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "செத்துப்போன சேதிக்குமா ஆதாரம் கேப்ப? என்ன பொண்ணுடி நீ!"

நான் அப்படிக் கேட்கப் பழகியது அக்காவிடம்தான் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

எங்கள் குழுவை அறியாத யாராவது இதைப் படிக்க நேரலாம் என்பதால் சிறிது விளக்கம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் எழுதித் திருத்தக்கூடிய கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அதில் நம் மாவட்டத்து ஊர்களையும் மனிதர்களையும் பற்றிக் கட்டுரை எழுத, நாங்கள் ஏழு பேர் ஞாயிறுதோறும் ஸ்ரீரங்கத்தில் நூலக மாடியில் கூடுவோம். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது குழுவில் சேர்ந்த நான்தான் வயதில் சிறியவள். அக்கா பாலக்கரையில் டிடிபி கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பயோடேட்டா, அரசியல் கட்சிகளின் சுவரொட்டி எல்லாம் அங்கே தயாராகும். "ஆறு நாள் 'மக்களின் மன்னவரே'ன்னு டைப் பண்றேன். ஏழாவது நாள் ஒன்னாம் நம்பர் பஸ் ஏறி வந்து அதை அழிக்கிறேன்" என்பார்.

அவர் அழித்தவற்றில் என்னுடையதும் உண்டு. காலமான முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் சொக்கமுத்துவைப் பற்றி ஏற்கெனவே இருந்த சிறு கட்டுரையை நான் மூன்று பக்கமாக வளர்த்து, அச்செடுத்துக்கொண்டு போனேன். அதுதான் என் முதல் கட்டுரை. அக்கா காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

"தங்கமான மனிதர்னு போட்டிருக்கியே, எத்தனை கேரட்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்கக்கா."

"எல்லாரும்னா யாரு? ஒரு பேர் சொல்லு, டீச்சரம்மா."

தங்கம் போயிற்று. ஏழைப் பங்காளர் போனார். சிறுவயதிலேயே தலைமைப் பண்பு தெரிந்தது என்ற வரி போயிற்று. "பொறந்தப்பவே எம்எல்ஏ ஆவாருன்னு மருத்துவச்சி சொன்னாங்களா?" மூன்று பக்கம் முக்கால் பக்கமானது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவர் சிலவற்றைச் சேர்க்கவும் சொன்னார். சொக்கமுத்து இரண்டு முறை வென்றதை எழுதியிருந்தேன்; மூன்று முறை தோற்றதை எழுதவில்லை. கட்சி மாறியதை எழுதவில்லை. அவர்மீது ஒரு வழக்கு இருந்ததையும் அதில் விடுதலை ஆனதையும், இறந்தவரைப் பற்றி எதற்கு என்று விட்டிருந்தேன்.

"வழக்கு இருந்துச்சுன்னு மட்டும் எழுதினா அநியாயம். விடுதலை ஆனாருன்னு மட்டும் எழுதினா, எதுலேர்ந்து விடுதலைன்னு படிக்கிறவனுக்குப் புரியாது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்" என்றார் அக்கா.

அந்தக் கட்டுரையில் அவர் பென்சில் தொடாத வரி ஒன்றுதான். அது நான் எழுதியதில்லை. 'பாலக்கரை ரயில்வே கேட்டுக்கு மேற்கே நடைபாலம் கேட்டு ஐந்து நாள்கள் தொடர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்' என்று ஏற்கெனவே இருந்தது. ஓரத்தில் 'சான்று தேவை' என்ற குறி பல வருடமாக நின்றிருந்தது. மற்ற எல்லாவற்றிலும் கண்டிப்பான அக்கா இதை ஏன் விட்டார் என்று தோன்றியது. கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து சொக்கமுத்துவின் மகன் நூலகத்துக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கூட வந்த இருவர் படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்கள்.

"இங்க யாருங்க எங்கப்பாவைப் பத்தி எழுதறது?"

"எல்லாரும்தாங்க. உட்காருங்க" என்றார் அக்கா.

"அப்பா கட்சி மாறினதை எடுத்துடுங்க. புதுசாப் படிக்கிற பசங்க தப்பா நினைப்பாங்க."

"மாறினது அவருங்க. நாங்க எழுதினதோட சரி."

"அப்ப பட்டமாச்சும் போடுங்க. 'கேட் கண்ட கோமான்'னு ஊரே கூப்பிடும்."

"அந்தப் பட்டத்தை எங்க கடையிலதாங்க டைப் பண்ணோம். உங்க ஆளுங்கதான் எழுதிக் கொடுத்தாங்க."

படிக்கட்டில் நின்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். மகனும் கொஞ்சம் சிரித்தார். கெட்டவராகத் தெரியவில்லை. போகும்போது, தந்தையின் நினைவாக அண்மையில் வெளியிட்ட மலர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். வழவழப்பான தாள், பக்கத்துக்குப் பக்கம் படம். அதில் அந்த ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தது.

எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல முடியாது. அன்று மாலையே மலரின் பக்க எண்ணைச் சான்றாகக் கொடுத்து, 'சான்று தேவை' குறியை எடுத்துவிட்டேன். இது என் முதல் தவறு.

மூன்று வாரம் கழித்து மலரை மறுபடி புரட்டினேன். அந்தப் பத்தி எங்கள் கட்டுரையின் வரியேதான். சொல்லுக்குச் சொல் அதேதான். கேட்டுக்கு மேற்கே என்பதுகூட இருந்தது. நான் அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன். நடைபாலம் கேட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. திசையைத் தப்பாக எழுதியவர் எங்கள் குழுவில் ஒருவர். அந்தத் தப்பு மலரில் இருக்கிறது என்றால் மலர்க்காரர்கள் எங்களைப் பார்த்துத்தான் எழுதியிருக்க வேண்டும். நாங்கள் எழுதியதை அவர்கள் எழுத, அவர்கள் எழுதியதை நாங்கள் ஆதாரமாகக் காட்டியிருக்கிறோம்.

உடனே இரண்டையும் படமெடுத்து, 'வட்டம் கண்டுபிடிச்சிட்டேன்!!!' என்று குழுவில் போட்டேன். பழைய திருத்தங்களின் பட்டியலைத் தேடி, அந்த வரியை முதலில் எழுதியவர் ரஹ்மத் அக்கா என்பதையும் போட்டேன். இது இரண்டாவது தவறு. எல்லாரும் ஏதாவது சொன்னார்கள். அக்கா பார்த்துவிட்டுப் பதில் போடவில்லை. அடுத்த ஞாயிறு வரவும் இல்லை. உண்மையைச் சொல்வதானால், அந்த ஞாயிறுவரை எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த ஞாயிறு வந்து, உட்காருவதற்கு முன்பே சொன்னார். "அந்த வரி நான் எழுதினது. எழுத வந்த புதுசு. எங்க அத்தா சொன்னதைக் கேட்டு எழுதினேன். மேற்கேன்னது என் தப்பு. அவருக்குத் திசையெல்லாம் தப்பாது." பிறகு என்னிடம் திரும்பினார். "நீ கண்டுபிடிச்சது ரொம்பச் சரி. குழுவுல போடறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். எந்த விதியிலயும் அது இல்ல. இருந்தாலும் பண்ணியிருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி விடு, சனிக்கிழமை லீவுதானே? பழைய பேப்பர் தேடப் போலாம், வா" என்றார்.

பழைய நாளிதழ்களைக் கட்டிவைத்திருக்கும் ஒரு நூலகத்தில் அந்தச் சனிக்கிழமை காலை முழுவதும் புரட்டினோம். தாள் ஓரமெல்லாம் உதிர்ந்தது. பதினொன்றரைக்கு அக்காவின் விரல் ஓரிடத்தில் நின்றது. சிறிய செய்தி. நடைபாலம் கேட்டுச் சுழற்சி முறையில் நடந்த ஐந்து நாள் உண்ணாவிரதம் முடிவுற்றது. முதல் நாள் சொக்கமுத்துவும் அடுத்த நான்கு நாள்களில் தொண்டர்கள் நால்வரும் உண்ணாவிரதம் இருந்தனர். கடைசி நாள் மாலை சொக்கமுத்து வந்து பழரசம் அருந்த, போராட்டம் முடிந்தது. அவ்வளவுதான். நால்வரின் பெயர் இல்லை.

சுழற்சி முறை என்றால் ஒரு நாளைக்கு ஒருவர் என்று மாறி மாறிப் பட்டினி இருப்பது. பந்தல் ஐந்து நாளும் இருக்கும். உள்ளே இருக்கும் ஆள்தான் மாறுவார். பழரசம் குடிக்கும் படம் மட்டும் தலைவருடையது. அந்தப் படம் அக்கா கடை மேசையின் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. அதை வைத்தவர் அவருடைய அத்தா காதர் மைதீன். ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் சொக்கமுத்துவின் பின்னாலேயே திரிந்தவர்.

நேராக வீட்டுக்குப் போனோம். வீடு கடைக்குப் பின்னாலேயே. அத்தா எனக்கு டீ கொடுத்தார். அக்கா செய்தியின் நகலை அவர் முன்னால் வைத்தார்.

"தலைவர் அஞ்சு நாளும் உட்காரல, அத்தா. சுழற்சின்னு போட்டிருக்கு."

"பேப்பர்காரன் ஆயிரம் எழுதுவான்."

"பேப்பர்ல வந்தாத்தான் நெசம்னு நீங்கதானே சொல்வீங்க?"

"உன்னைக் கம்ப்யூட்டர் படிக்க வெச்சது அந்த மனுஷன் பேரைக் கெடுக்கவா?"

"கெடுக்கல அத்தா. முத நாள் இருந்தாரு, அடுத்த நாலு நாள் வேற நாலு பேரு இருந்தாங்கன்னு எழுதறேன். அதுவும் பெருமைதானே?"

"சுழற்சியாம் சுழற்சி! மூணாம் நாள் அடிச்ச வெயில் உனக்குத் தெரியுமா? பந்தல்ல பாதிக் கீத்து காத்துல போயிருச்சு. ரோட்டுல தார் உருகுது. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிட்டு எச்சில்கூட முழுங்க முடியல. இங்க உட்கார்ந்துக்கிட்டுப் பேசறா!"

அக்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "யாரு நாக்கு, அத்தா?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல இன்னும் நேரம் இருந்தது.

என்னைப் பஸ் ஏற்றிவிட அக்கா வந்தார். என்னால் அடக்க முடியவில்லை. "அக்கா, அந்த நாலு பேர்ல ஒருத்தர் உங்க அத்தாதான்! பேரைப் போட்டுடுங்க!"

"எப்படிப் போடறது? அவரு சொல்லல. சொன்னாலும் அச்சுல இல்ல. அச்சுல இருந்தாலும் நான் போடக்கூடாது, நான் மக. இது சொக்கமுத்து கட்டுரை, எங்க அத்தா கட்டுரை இல்ல."

"அப்ப விட்டுடுவீங்களா?"

பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்குத் தெரிஞ்சுக்கணும்டா. கட்டுரைக்கு இல்ல. அவரு வாயால எனக்குச் சொல்லணும்."

"மறுபடி கேளுங்களேன்."

"கேட்டாச்சே. இனிமே அவராச் சொல்லட்டும்."

அன்று மாலையே அந்த வரியை நீக்கிவிட்டு, நாளிதழைச் சான்றாகக் காட்டி அக்கா எழுதிய வரி இது: 'நடைபாலம் கேட்டுச் சுழற்சி முறையில் ஐந்து நாள்கள் நடைபெற்ற உண்ணாவிரதத்தில் முதல் நாள் இவரும் அடுத்த நாள்களில் தொண்டர்கள் நால்வரும் பங்கேற்றனர்.' இன்றும் அப்படியே இருக்கிறது. திருத்தக் குறிப்பில், 'முந்தைய வரி தவறு. எழுதியவள் நானே' என்று போட்டிருக்கிறார். சொக்கமுத்துவின் மகனுக்கும் அவரே போன் செய்து சொன்னார். மகன், "நாலு பேரா? யாருங்க அவங்க?" என்று கேட்டாராம்.

பிறகு மூன்று மாதம் போயிற்று. ஞாயிறுதோறும் நான் கேட்பேன், "சொன்னாராக்கா?"

"எங்க! வெயில் பேச்சையே எடுக்க மாட்டேங்கறாரு. மழை வருமா வராதான்னு மட்டும்தான் பேசறாரு" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் ஒவ்வொரு முறையும் அவர் கை பென்சிலை எடுத்து, திருத்த ஒன்றும் இல்லாத தாளில் எதையாவது திருத்தும்.

அதன் பிறகுதான் காய்ச்சலும், ஆஸ்பத்திரியும், நான் முதலில் சொன்ன செவ்வாய்க்கிழமையும்.

அன்று மாலையே நானும் அம்மாவும் பாலக்கரைக்குப் போனோம். பெண்கள் அடக்கத்தலத்துக்குப் போவதில்லை, தெருமுனையோடு நின்றோம். கடை ஷட்டரில் அக்கா டைப் செய்து ஒட்டிய 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்ற தாள் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஒட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். அது என் ஊகம்தான்.

இரண்டு வாரம் கழித்து அவருடைய அத்தா நூலகத்துக்குப் போன் செய்து என்னை வரச்சொன்னார். அம்மாவோடு போனேன். கடை பாதி திறந்திருந்தது.

"நீதானே வட்டம் கண்டுபிடிச்ச பொண்ணு?"

"ஆமாங்க ஐயா." அக்கா வீட்டிலும் சொல்லியிருக்கிறார் என்று தெரிந்தது.

"என்னதான் எழுதியிருக்கா? எனக்குக் கண்ணு தெரியல, படி."

அம்மாவின் போனில் அந்த வரியைப் படித்தேன். நால்வர் என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

"நால்வர்னா நாங்கதான்" என்றார். "மூணு பேரு ரயில்வே. அரசியல் பந்தல்ல உட்கார்ந்தது தெரிஞ்சா மெமோ கொடுத்துருவான். பேரு போடாதீங்கன்னு நிருபர்கிட்ட நாங்களே கேட்டுக்கிட்டோம். நான் தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எங்க ஃபோர்மேன் சைக்கிள்ல போனாரு. நேருக்கு நேரா பார்த்தாரு. பார்க்காத மாதிரிப் போயிட்டாரு. நல்ல மனுஷன்."

"அக்காகிட்ட ஏன் ஐயா சொல்லல?"

"வேலையில இருந்தவரைக்கும் பயம். அதனால தலைவரே அஞ்சு நாளும் இருந்தாருன்னு வீட்டுலயும் சொல்லி வெச்சேன். அப்புறம் அதுவே நெசம் மாதிரி ஆயிருச்சு. அவ பேப்பரைக் கொண்டாந்து வெச்சப்பவாவது சொல்லியிருக்கணும்." மேசைக் கண்ணாடியின்மேல் கையை வைத்தார். "ஆஸ்பத்திரியில சொல்லலாம்னு நினைச்சேன். திங்கக்கிழமை நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தா. வீட்டுக்கு வந்ததும் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் அக்காவின் நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கட்டுரைகளுக்கு அக்கா குறிப்பெடுக்கும் நோட்டு. சொக்கமுத்து என்று தலைப்பிட்ட பக்கத்தில், செய்தியின் நாளிதழ் விவரத்துக்குக் கீழே, ஒன்றிலிருந்து நான்குவரை எண் போட்டு எதிரே இடம் விட்டிருந்தார். இரண்டாவது எண்ணுக்கு எதிரே மட்டும் பென்சிலில் 'மூணாம் நாள் – அத்தா?' என்றிருந்தது.

"எழுது" என்றார். நாள்வாரியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். இரண்டாம் நாள், அந்தோணிசாமி. மூன்றாம் நாள், காதர் மைதீன். நான்காம் நாள், வெல்டர் பிச்சை. ஐந்தாம் நாள், முசிறியிலிருந்து வந்த ராமலிங்கம். அவருக்கு ரயில்வே இல்லை, வாழைக்காய் வியாபாரம். மற்ற மூவரும் இப்போது இல்லை.

எழுதி முடித்ததும், "அந்தக் கேள்விக்குறியை அழிச்சிடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம்மா. அவ கையால போட்டது. இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

இதை எழுதுகிறேன் என்றும், எல்லாவற்றையும் எழுதுவேன் என்றும் அவரிடம் சொல்லி அனுமதி வாங்கினேன். "நான் சொல்லாம விட்டதையும் எழுது" என்றார்.

வசந்தா மேடம் வரைவைப் படித்துவிட்டு, "மடல்ல அச்சாயிட்டா இதையே சான்றாக் காட்டி நாலு பேரையும் கட்டுரையில சேர்த்துடலாமே?" என்று கேட்டார். எனக்கும் ஆசைதான். ஆனால் நாங்களே எழுதி, நாங்களே அச்சடித்து, அதை நாங்களே சான்றாகக் காட்டினால் அது இன்னொரு வட்டம். ஆகவே இதைப் படிக்கும் யாரும் இதைக் கலைக்களஞ்சியத்தில் மேற்கோளாகக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே அவர்கள் நால்வராகவே இருக்கட்டும். அங்கே போட முடியாததால்தான் நான்கு பெயர்களையும் இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவை. அவர் பென்சில் பட்ட என் முதல் கட்டுரையின் மூன்று தாள்கள். தெரியாததற்கு எண் போட்டு இடம் விட்டுவைக்கும் பழக்கம். குழுவில் போடுவதற்கு முன் ஒரு போன். காத்திருப்பதை மட்டும் நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று அக்கா இருந்தது சரியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நானாக இருந்தால் திங்கட்கிழமை இன்னொரு முறை கேட்டிருப்பேன்.

நூலக மாடியில் உட்கார்ந்து இதைப் படியெடுத்து முடிக்கும்போது ஏழு மணி ஆகிவிட்டது. மேடம் கீழ்க் கதவைச் சாத்திவிட்டு மேலே வந்தார். ஒரு வரிதான் பாக்கி என்றேன், நின்றார். இதுதான் அந்த வரி; இனி மேடம் விளக்கை அணைக்கலாம்.